இரண்டு வரிசைச் சிரட்டை

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் பிறந்த எங்கள் பிள்ளைகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு "வெம் அன்ரி" என்று பெயர் வைத்திருந்தார்கள். டெனிஷில் வெம் என்றால் யார். அக்கா எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் கேட்கிற கேள்வி அதுதான்: "செய்தது ஆர்?" யாராவது வாய் தவறி "நாங்கள் வீடு கட்டினனாங்கள்" என்று சொல்லிவிட்டால் போச்சு. "நீங்களோ கட்டினீங்கள்? கட்டினது ஆர்?" என்று தொடங்கிவிடுவார். கல் அடுக்கியவன், வர்ணம் பூசியவன் எல்லாருடைய பெயரும் வந்த பிறகுதான் வடையை வாயில் வைப்பார். விருந்துக்குக் கூப்பிட்டவர்களுக்கு வயிற்றெரிச்சல். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஒரு மார்கழியில் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் சங்கத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் பாலன் குடிலை எங்கடை நிர்வாகசபை மிகச் சிறப்பாய்க் கட்டி முடிச்சிருக்கு" என்றார்.

முன் வாங்குகளில் ஒன்றிலிருந்து குரல் வந்தது. "நிர்வாகசபை எண்டால் ஆர்? ஆணி அடிச்சது ஆர்?"

அக்கா எழுந்து நேரே பின் வாங்குக்குப் போனார். அங்கே டெனிஷ் பூசைக்கு வந்து காத்திருந்த வியட்நாம்காரர் ஒருவரைக் கையில் பிடித்து எழுப்பி, "இவர்தான். நான் கண்ணாலை கண்டனான்" என்றார். கோயில் முழுக்கக் கை தட்டியது. அந்த மனிதருக்குத் தமிழில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. தட்டல் பாலன் இயேசுவுக்கென்று நினைத்துக் குடிலைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு தலைவர் நன்றியுரையை எழுதி மனைவியிடம் காட்டிவிட்டுத்தான் வாசிக்க வருவார்.

இப்படிப்பட்ட மனுஷியை நான் முதலில் எவ்வளவு வெறுத்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

வைத்தியசாலைத் துணிகளைத் தோய்க்கிற ஒரு சலவை ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. விரிப்புகள் ஆவி பறக்க உருளைக்குள்ளிருந்து வந்துகொண்டிருக்க, அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நின்று மடிக்கிறோம். தமிழ் முகம் கண்ட சந்தோஷப் புளுகத்தில் நான்தான் கதை கொடுத்தேன். எந்த ஊர் என்றேன். தென்மராட்சி, கொடிகாமத்துக்கு அங்காலை என்றார். "அங்கை எவடம்?" என்று கேட்டேன். சொன்னார். விரிப்பு நிலத்தில் விழுந்தது.

அவர் சொன்ன வீடு சாதாரண வீடில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் தென்னந்தோட்டம், எண்ணெய் ஆலை, இரண்டு லொறி, தெற்கே மாத்தறையில் பெரிய கடை. கொழும்பில்கூட அவர்களுடைய எண்ணெய்க்குத் தனிப் பெயர். அந்த வீட்டின் கடைசி மகள் என் முன்னால் நின்று வைத்தியசாலை விரிப்பு மடிக்கிறார். என் அப்பா அந்த வீட்டில் தேங்காய் உரித்தவர். பிறகு தேங்காய் உலர்த்துகிற கொப்பறாக் கொட்டிலைப் பார்த்தவர். முற்றத்துக்கு வந்தால் சிரட்டையில் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தவர். ஒரு நாள் அந்தக் கொட்டில் எரிந்தது. அன்று பொழுதுபடமுன்னம் எங்கள் குடும்பத்தைத் தோட்டத்தைவிட்டுத் துரத்தினார்கள். அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

"நீர் ஆற்றை மகள்?" என்று அவர் கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். நல்லாய் நெஞ்சில் படட்டும் என்று அழுத்தித்தான் சொன்னேன். அவர் குனிந்து, நிலத்தில் கிடந்த விரிப்பை எடுத்து உதறினார். வேறொன்றும் கேட்கவில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திமிர்க்காரி என்னை எப்படி விழுத்தினார் என்று கேளுங்கள். மடிக்கிற மேசைகளை எதிரெதிரே போடாமல் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் நடை குறையும் என்று நான் ஒரு நாள் சும்மா சொன்னேன். மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டு போனவர், அடுத்த மாதக் கூட்டத்தில் மேலிடத்து ஆட்கள் முன்னால், "நாங்கள் ஒரு புதிய முறையைக் கண்டுபிடித்திருக்கிறோம்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அக்காவின் டெனிஷ் உடைந்த டெனிஷ். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் அரசியைப்போல உச்சரிப்பார்.

"வெம்?"

மேற்பார்வையாளர் சிரித்து மழுப்பினார். "வெம்?" என்று அக்கா மறுபடியும் கேட்டார். பிறகு என் தோளைத் தொட்டு, "இவள்" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறந்த நாள் தொட்டு என் குடும்பத்தில் ஒருவருடைய வேலைக்கும் ஒருவரும் பெயர் சொன்னதில்லை. அதை முதல்முதல் சொன்னது அந்த வீட்டுப் பெண். அன்றைக்குக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன். வெறுப்பு அத்தோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஆட்டம் கண்டுவிட்டது.

அதற்குப் பிறகு இடைவேளைகளில் அவர் தன் குடும்பக் கதை சொல்லுவார். உலகத்தில் யாரும் தங்கள் வம்சக் கதையை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"எங்கடை அப்பப்பா ஆயிரம் தென்னை வைச்சவர் எண்டு சொல்லுவினம். அவர் ஒரு தென்னங்கண்டும் வைக்கேல்லை, அவர் குடை பிடிச்சுக்கொண்டு நிண்டவர். குழி வெட்டினது வன்னியிலையிருந்து வந்த ஆக்கள். தண்ணி காவினது அவையின்ரை பெண்டுகள்."

"மாத்தறைக் கடை?"

"கடை நடத்தினது எங்கடை மனேச்சரும் ஒரு சிங்களக் கணக்குப்பிள்ளையும். ஐயா கதிரையிலை இருந்து பேப்பர் வாசிச்சவர். நல்ல வடிவாய் வாசிப்பார், அதைச் சொல்லத்தானே வேணும்."

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார். கிணறு வெட்டியவர், ஆலையில் செக்கைத் திருத்தியவர், லொறி ஓட்டியவர் என்று பெயர் பெயராய்ச் சொல்லுவார். அவருக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் செபம்போல வாயில் நிற்கும். ஆனால் கொட்டில் எரிந்த கதைக்கு மட்டும் வரமாட்டார். அந்த இடம் வந்தால் கோப்பையைக் கழுவ எழுந்து போய்விடுவார். எனக்கு அது தெரியும். அவருக்கு வெட்கமாக்கும், தன் தகப்பன் செய்த அநியாயத்துக்கு என்று நானும் விட்டுவிடுவேன்.

அப்பாவை நான் டென்மார்க்குக்குக் கூப்பிட்டெடுத்தது அதற்கெல்லாம் பிறகு. அம்மா போய்ச் சேர்ந்த பின்னர் அவர் தனியே கிடந்தார். வந்த முதல் ஞாயிறே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மணிச் சத்தம் கேட்டதும் அப்பா போய்க் கதவைத் திறந்தார். திறந்தவர் இரண்டடி பின்னால் போனார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நாச்சியார், வாருங்கோ" என்றார்.

எங்கள் பக்கத்தில் காணிக்காரர் வீட்டுப் பெண்களை எங்கள் சனம் கூப்பிட வேண்டிய சொல் அது. அதை ஹொல்ஸ்டெப்ரோவில், நான் வரி கட்டுகிற என் வீட்டில், என் அப்பா சொல்லிக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அக்காவுக்கும் முகம் கறுத்துப் போயிற்று. "அப்பு, அந்தச் சொல் வேண்டாம். பிள்ளை எண்டு கூப்பிடுங்கோ" என்றார். சின்ன வயதில் என் அப்பாவை அவர் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார், அந்த வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் அப்படித்தான். இப்போது தகப்பனைப்போல அப்பு என்கிறார். அப்பாவுக்கு அது பிடிபடவில்லை. "சரி நாச்சியார்" என்றார்.

ஞாயிறு தவறாமல் அக்கா வந்தார். ஞாயிறு தவறாமல் அப்பா எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேற்குக் கடற்காற்று எங்கள் ஊரில் சும்மா அடிக்காது, ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். அந்தக் காற்றில் வயதான மனுஷன் கதவைப் பிடித்துக்கொண்டு, அக்கா உள்ளே போய் இருந்த பிறகுதான் சாத்துவார். அக்கா முன்னால் கதிரையில் இருக்கமாட்டார். தேத்தண்ணீர் குடிக்கமாட்டார். நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "உனக்கு விளங்காது பிள்ளை" என்பார்.

அப்பாவுக்கு இன்னொரு பழக்கம். இந்த நாட்டில் மழைக்கும் இருட்டுக்கும் எல்லார் வீட்டிலும் மெழுகுதிரி எரியும். மேசையில், யன்னலில், எங்கும். அப்பா எந்த வீட்டுக்குப் போனாலும் ஒருவருக்கும் தெரியாமல் போய் ஒவ்வொரு திரியாய் இரண்டு விரலால் நசுக்கி அணைத்துவிடுவார். என் மகளின் பிறந்தநாள் கேக்கில்கூடப் பாட்டு முடியமுன்னம் அணைத்துவிட்டார். அவள் டெனிஷில் கத்தி அழுதாள். ஏன் அப்பா என்று நான் சீறினேன்.

"என்ரை கை நெருப்புக்கு ஆகாது பிள்ளை" என்றார். "ரெண்டு வரிசை வைச்சன். எங்கையோ ஒரு சிரட்டை சரியாய்ச் செருகுப்படேல்லை. அவ்வளவு பெரிய கொட்டில் போச்சு. அந்த வீட்டுப் பிள்ளையளின்ரை சாப்பாடெல்லோ போச்சு."

எனக்கு அன்றுதான் தெரிந்தது. துரத்தியதற்காக அவர் ஒரு நாளும் அந்த வீட்டின்மேல் கோபப்பட்டதில்லை. பிழை தன்னுடையது என்றே இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருக்கிறார்! கொட்டிலின் வேலை எனக்கும் ஓரளவு தெரியும், அப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். மேலே பரணில் தேங்காய்ப் பாதிகள் காயும். கீழே குழியில் சிரட்டைகளை ஒன்றின் வாய்க்குள் மற்றதன் முதுகைச் செருகி, நீளத்துக்கு இரண்டு வரிசை. ஒரு முனையில் கொளுத்தினால் சுவாலை இல்லாமல், புகை இல்லாமல், தணல் மெல்ல மெல்ல நகர்ந்து போகும். வைத்தவன் பிறகு குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக வரலாம். அன்றைக்கும் அப்பா அப்படித்தான் கொளுத்திவிட்டுச் சோறு தின்னப் போனார். வரும்போது கூரை எரிகிறது.

அப்பா திரிகளை நசுக்கியபோதெல்லாம் அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்படியிருக்க, லண்டனில் இருக்கிற அக்காவின் அண்ணர் குடும்ப வரலாறு எழுதத் தொடங்கினார். கெட்ட மனுஷன் இல்லை. ஓய்வு பெற்றவர், நேரம் கிடக்கிறது, பேரப்பிள்ளைகளுக்கு வேர் தெரிய வேண்டும் என்கிற ஆசை. தோட்டத்துக் கதை முழுக்கத் தெரிந்தவர் இப்போது அக்கா ஒருவர்தான், ஆகவே நாளுக்கு ஒரு தொலைபேசி. அக்கா சொன்ன பெயர்களை எல்லாம் அண்ணர் வெட்டிவிட்டார். சலவை ஆலையின் வெளி வாசலில், குளிரில் நின்று அக்கா தொலைபேசிக்குள் சண்டை பிடிப்பார்.

"அண்ணை, 'பாட்டனார் தம் கரங்களால் நாட்டிய தென்னைகள்' எண்டு எழுதியிருக்கிறீங்கள். எந்தக் கரம்? அந்தக் கையிலை குடையெல்லோ இருந்தது!"

புத்தகம் வெளியிட எல்லாருக்கும் நடுவாக இருக்கட்டும் என்று வைலேயில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். கொப்பன்ஹேகன் சொந்தம் ரயிலில் வரலாம், ஜெர்மனிக்காரர் காரில் வரலாம். அக்கா என்னிடம் வந்து, "அப்புவைக் கூட்டிக்கொண்டு வாரும். அவர் எனக்குப் பக்கத்திலை இருக்க வேணும். குடும்பத்து வரிசையிலை" என்றார்.

"அக்கா, அந்த எரிஞ்ச கதை புத்தகத்திலை வருமோ? வந்தால் அவர் தாங்கமாட்டார். இவ்வளவு காலமும் தன்னைத்தானே தின்னுறார். சபையிலை வேறை கேட்டால் செத்துப்போவார்."

"அந்த வரியை எடுக்கச் சொல்லிப்போட்டன். அண்ணை எடுக்கிறன் எண்டு சொன்னவர். நான் பொறுப்பு" என்றார். அக்கா பொறுப்பு என்றால் பொறுப்புத்தான் என்று நம்பினேன். அப்பாவுக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம். காணிக்கார நயினார் வீட்டு விசேஷத்துக்குக் கதிரை போட்டுக் கூப்பிடுகிறார்கள்! கடைக்குப் போய்ப் புதுக் கோட்டு வேண்டும் என்று அடம்பிடித்தார். வாங்கிக் கொடுத்தேன். கழுத்து கொஞ்சம் பெரிது. ஆனாலும் கண்ணாடி முன்னால் நின்று நின்று பார்த்தார்.

மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. யன்னலுக்கு வெளியே கடற்கழி, உள்ளே ரோல்ஸ், பற்றிஸ், கோப்பி. அக்கா அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன் வரிசையில், தனக்குப் பக்கத்தில் இருத்தினார். அவர் கதிரை விளிம்பில் ஒட்டிக்கொண்டு இருந்தார். நான் பின் வரிசை. என் மகள் இளசுகளோடு அதற்கும் பின்னால்.

அண்ணர் கண்ணாடியைச் சரிசெய்து வாசிக்கத் தொடங்கினார். பாட்டனார் காணி வாங்கினார், தென்னை நாட்டினார், ஆலை கண்டார், மாத்தறையில் கடை திறந்தார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. பிறகு அது வந்தது.

"அந்நாளில் ஒரு வேலையாளின் கவனக்குறைவினால் கொப்பறாக் கொட்டிலும் எண்ணெய்க் களஞ்சியமும் தீக்கிரையாயின. எனினும் எங்கள் தந்தையார் மனந்தளரவில்லை..."

கடவுளே என்று நான் எழுந்தேன். எனக்கு முன்னமே அப்பா எழுந்துவிட்டார். தொப்பி கக்கத்தில். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"நயினார், அந்த வேலையாள் நான்தான். உங்கடை ஐயாட்டை மன்னிப்புக் கேக்கக் கிடைக்கேல்லை. உங்களிட்டைக் கேக்கிறன். பொறுத்துக்கொள்ளுங்கோ."

அண்ணருக்கு யார் இவர் என்றே முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பதறிப் போனார். பாவம், நல்லதாகத்தான் சொன்னார். "ஐயோ அப்பு, இருங்கோ, இருங்கோ. அதெல்லாம் பழைய கதை. நாங்கள் மன்னிச்சுக் கனகாலம்."

மன்னித்தார்களாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஒலிவாங்கியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. ஆனால் அதைப் பிடுங்கியது அக்கா. எப்போது எழுந்தார், எப்போது மேடைக்குப் போனார் என்று தெரியாது.

"அண்ணை, மன்னிக்க முதல் ஒண்டு கேக்க வேணும். நெருப்பு வைச்சது ஆர்?"

பின்னால் பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தார்கள். வெம் அன்ரி தொடங்கிவிட்டார் என்று ஒருத்தி சொன்னது கேட்டது. வேறு யாரோ அவளை அதட்டினார்கள்.

"நான்" என்றார் அக்கா.

அண்ணர் "என்ன விசர்க்கதை..." என்று கையை நீட்டினார். அக்கா ஒலிவாங்கியைக் கொடுக்கவில்லை. ஆனால் அதில் பேசவும் இல்லை. அதைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, அப்பாவுக்கு முன்னால் நின்று, அவரிடம் மட்டும் சொன்னார். அவ்வளவு அமைதியில் கடைசி வரிசைவரை கேட்டது.

"அப்பு, அண்டைக்குக் கடற்கரைக் கோயில் திருநாள். கொப்பறா காய்ஞ்சு முடிஞ்சால்தான் உங்களை விடுவினம் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் சாப்பிடப் போட்டீங்கள். கெதியாய்க் காயட்டும், நீங்களும் குடும்பமாய்த் திருநாளுக்குப் போகலாம் எண்டு நான் உள்ளுக்கை போய் இன்னும் ரெண்டு வரிசை வைச்சுக் கொளுத்தினன். பேந்து புளுகத்தோடை காரிலை ஏறிக் கோயிலுக்குப் போனன். திரும்பி வரேக்கை கொட்டிலும் இல்லை, நீங்களும் இல்லை. அம்மாட்டைச் சொன்னன். அம்மா என்ரை வாயைப் பொத்தினவ. குமர்ப்பிள்ளை கொட்டிலுக்கை போனதெண்டு வெளியிலை தெரிஞ்சால் கலியாணம் நடக்காதாம்."

அப்பா கூப்பிய கையை எடுக்கவில்லை. நம்பவும் இல்லை. தன்னைக் காப்பாற்றுவதற்காகக் கதை கட்டுகிறார் என்று நினைத்திருக்கிறார். மெல்லக் கேட்டார். "எந்தப் பக்கம் வைச்சனீங்கள் நாச்சியார்?"

"ஓலைக் கிடுகு வேலிப் பக்கம். உங்கடை ரெண்டும் நடுவிலை இருந்தது."

"செருகினீங்களோ?"

"இல்லை. செருகத் தெரியாது. வாய் மேலை பாக்கச் சும்மா அடுக்கினன்."

அப்பாவின் கை இறங்கியது. என் வாழ்க்கையில் முதல்முதலாக, அந்தக் குடும்பத்து மனிசர் ஒருவரைப் பார்த்து அவர் குரல் உயர்ந்தது. "செருகாமல் வைச்சால் சுவாலையெல்லோ எழும்பும்! அதுவும் கிடுகுப் பக்கம்! நாலு வரிசை! எரியாமல் பேந்தென்ன செய்யும்?"

"ஓம் அப்பு" என்றார் அக்கா.

"நாலு வரிசை!" என்று மறுபடியும் சொன்னார். பிறகு சபையை மறந்துவிட்டு, தலையைத் திருப்பி என்னைத் தேடினார். கண்ணில் நீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. "கேட்டியே பிள்ளை? நான் வைச்ச ரெண்டு வரிசையும் சரி."

அண்ணர் அன்று மேற்கொண்டு வாசிக்கவில்லை. புத்தகப் பெட்டிகள் பிரிக்காமல் வந்த வான் வண்டியிலேயே திரும்பிப் போயின. வெளியே கார் தரிப்பிடத்தில் அவர் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் புத்தகம் மறுபடியும் வந்தது. அதில் முதல் அத்தியாயத்திலேயே குழி வெட்டியவர்கள், தண்ணீர் காவியவர்கள் பெயர்கள் இருந்தன. கொட்டில் எரிந்த இடத்தில் "எங்கள் தங்கை" என்று இருந்தது. அந்த மனுஷனுக்கும் அதற்கு ஒரு தைரியம் வேண்டும்தானே.

திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். அப்பா முன்னுக்கு இருந்து சிரட்டையைப்பற்றியே பேசிப் பேசி வந்தவர், நித்திரையாகிவிட்டார். பின்னால் அக்கா.

"கோவமோ?" என்று கேட்டார்.

"கோவம்தான்" என்றேன். "ஞாயிறு ஞாயிறாய் வந்து அவருக்கு முன்னாலை இருந்தீங்களே அக்கா. ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமல் போச்சோ?"

அக்கா சொன்னார்: "அவருக்குத் தெரியும் எண்டு நினைச்சன். தெரிஞ்சுகொண்டே என்னைக் காட்டிக்குடுக்காமல் இருக்கிறார் எண்டு நினைச்சன். மெழுகுதிரி அணைக்கேக்கையெல்லாம் எனக்குத்தான் சாடையாய்ச் சொல்லுறார் எண்டு நினைச்சன். அந்தப் பெரிய மனுசத்தனத்துக்கு முன்னாலை வாய் வரேல்லை. தன்ரை பிழையெண்டு அவர் நினைச்சிருக்கிறார் எண்டு இண்டைக்கு அவர் கை கூப்பினபோதுதான் எனக்குத் தெரியும்."

"நான் சொல்லியிருந்தனே, தன்னைத்தானே தின்னுறார் எண்டு?"

"வேலை போன கவலை எண்டு விளங்கினன்" என்றார். பிறகு, "எனக்கு ஏற்ற மாதிரி விளங்கினன்" என்றார். அதையும் அவரேதான் சொன்னார், நான் சொல்ல விடவில்லை.

கோபம் எனக்கு அதற்குப் பிறகும் இருந்தது. உண்மையைச் சொன்னால், இருவரும் போய்ச் சேர்ந்துவிட்ட இந்த நாளிலும் ஒரு துளி இருக்கிறது. ஆனால் அவ்வளவு சொந்தத்துக்கு நடுவில், தன் வீட்டுப் பெருமையைக் கொண்டாட வந்த கூட்டத்தில், யாரும் கேட்காத கேள்வியைத் தன்னிடமே கேட்டுத் தானே பதில் சொன்ன வேறு ஒரு மனுஷியை நான் இன்னும் காணவில்லை. பிறருடைய பெயரை அவர் அப்படித் தேடித் தேடிச் சொல்லிக்கொண்டு திரிந்தது ஏன் என்று அந்தக் காரில்தான் எனக்கு விளங்கியது. எனக்கு அவரில் பிரியம் குறையவில்லை, கூடிற்று.

அடுத்த ஞாயிறு அக்கா வருவாரோ மாட்டாரோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அப்பா தன் சாய்கதிரையில் கால் நீட்டி, போர்வையைப் போட்டுக்கொண்டு இருந்தார். எழும்பவில்லை. நான் போய்த் திறந்தேன். அக்கா உள்ளே வந்தார், கூடவே காற்றும் வந்தது. சாத்த மறந்து, வாசலிலேயே நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி அடுப்படிக்குப் போக ஒரு அடி வைத்தேன்.

"பிள்ளை, அந்தக் கதவைச் சாத்திப்போட்டு வா. குளிருது" என்றார் அப்பா.

நான் திரும்பிக் கதவுப் பக்கம் போனேன். அவர் வாழ்நாளெல்லாம் அப்படிக் கூப்பிட்டது என்னைத்தானே.

"உன்னை இல்லை" என்றார். "நீ போய்த் தேத்தண்ணி போடு. எங்கள் ரெண்டு பேருக்கும்."

அக்கா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.